தனக்குத் தானே இடம் விடுதல்

திருக்கோவிலூர் இடைகழிக் கதை தமிழ் வைணவத்தில் எல்லோரும் அறிந்தது. மழை இரவு. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாமே என்று பொய்கையார் எழுந்து உட்காருகிறார். பேயாழ்வாரும் வந்து சேர, இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று எல்லோரும் எழுந்து நின்றுகொள்கிறார்கள். சற்று நேரத்தில் நெருக்கம் தாங்கவில்லை. நான்காவதாக யாரோ புகுந்துவிட்டார்கள். இருட்டில் முகம் தெரியாது, ஆனால் தோள் இடிபடுகிறது, நிற்க இடம் போதவில்லை. வந்தவர் பெருமாள் என்று கதை முடியும். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு ஒரு கேமராமேன் இதைக் கேட்டால் அவருக்கு வேறொன்று பிடிபடும். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு இக்கதையில் முதல் சாட்சி, மற்றவர்கள் அவருக்காக ஒதுங்க வேண்டியிருந்தது என்பதுதான். 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கும் கள்ளக்குறிச்சியில் இப்போது திருக்கோவிலூர் இருக்கிறது. ஒரே ஆளை ஒரே ஷாட்டில் இருவராக, மூவராக நிறுத்தும் வித்தையை எடைபோட அந்த இடைகழியைவிட நல்ல தராசு எனக்குத் தோன்றவில்லை.

மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று மலையே இரட்டை வேடம் கட்டி நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் சேலம் சீமை. சேலத்தில் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் ‘உத்தம புத்திரன்’ படத்தை வெளியிட்டது. அதில் பி. யு. சின்னப்பா இரண்டு வேடம். தமிழ் சினிமாவில் கதாநாயகனின் இரட்டை வேடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கதை அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடி மனிதனைத் தழுவியது. உலக அளவில் பார்த்தால் வித்தை அதற்கும் மூத்தது. பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1900-இலேயே தன்னை ஏழு பேராக்கி ஒரு வாத்தியக் குழுவையே மேடையில் உட்கார வைத்துவிட்டார். 1917-இல் தாதாசாகேப் பால்கேயின் ‘லங்கா தகன’த்தில் சாலுங்கே என்ற நடிகர் ராமனாகவும் சீதையாகவும் நடித்தார். ஆனால் வேடம் இரண்டு என்பது ஒன்று, இருவரும் ஒரே சட்டகத்துக்குள் நேருக்கு நேர் நிற்பது வேறொன்று. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

பிலிம் காலத்தில் அது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். கேமராவுக்கு முன்னால் கறுப்பு அட்டை ஒன்றைப் பொருத்திச் சட்டகத்தின் வலப்பாதியை மறைத்துவிடுவார்கள். நடிகர் இடப்பாதியில் நின்று ஒருவனாக நடிப்பார். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, தொடங்கிய அதே ஃபிரேமுக்குக் கொண்டுவந்து, அட்டையை இடப்பக்கம் மாற்றி, உடை மாற்றி வந்த அதே நடிகரை வலப்பாதியில் எடுப்பார்கள். ‘மாஸ்க்’ என்ற ஒரே சொல்லில் இது அடங்கிவிடும். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். பத்து விநாடிக் காட்சிக்கு 240 ஃபிரேம், அதாவது 15 அடி. அத்தனையையும் ஒன்று பிசகாமல் எண்ணிப் பின்னால் கொண்டுவர வேண்டும். அட்டை லென்ஸுக்கு மிக அருகில் இருந்தால் விளிம்பு மசமசவென்று பரவும், தள்ளிப் போனால் கத்தி வைத்தாற்போல் கோடு தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு தூரம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது கேமராமேனின் கைவாகு. கேமரா மயிரிழை அசைந்தாலும் கதவு நிலை இரண்டாகப் பிளக்கும். இதைவிடக் கொடுமை, இரண்டு நடிப்பும் ஒரே நெகட்டிவில் இருக்கின்றன. முதல் பாதியில் நடிகர் உயிரைக் கொடுத்து நடித்திருப்பார். இரண்டாம் பாதியில் யாராவது தும்மினால் இரண்டும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

இத்தனை பாடு பட்டதால்தான் ஒரு தவறான அளவுகோல் நம்மிடையே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். இரட்டை வேடக் காட்சியைப் பார்த்ததும் நாம் கேட்பது, ஒட்டு தெரிகிறதா? தெரியவில்லை என்றால் சபாஷ், தெரிந்தால் உதட்டுப் பிதுக்கல். மந்திரவாதியிடம் இந்தக் கேள்வி பொருந்தும், ஏனென்றால் பறவை எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. இரட்டை வேடத்தில் எல்லாமே தெரியும். ‘எங்க வீட்டுப் பிள்ளை’க்கு 1965-இல் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவருக்கு, திரையில் இருக்கும் இருவருமே எம்.ஜி.ஆர். என்பது கொட்டகைக்கு வெளியே போஸ்டரிலேயே தெரியும். தெரிந்துதான் காசு கொடுக்கிறார், தெரிந்ததால்தான் விசில் அடிக்கிறார். இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று அவர் உண்மையாகவே நம்பிவிட்டால் படத்தின் சுவையே போய்விடும். ஆகவே ஒட்டை மறைப்பது இந்தக் கலைக்கு வாசற்படி மட்டும்தான். படியைத் தாண்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

என் விடை இடைகழியிலிருந்து வருகிறது. ஒருவர் இன்னொருவருக்காக இடம் விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். சட்டகத்தில் இல்லாத ஆளை மனத்தில் நிறுத்தி, அவருக்கு உயரம், எடை, மூச்சு எல்லாம் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் கை நீட்டினால் தன் உடம்பு சற்றே பின்வாங்கும்படி நடிப்பது, அதற்கு வேண்டிய வெளிச்சத்தையும் தூரத்தையும் நேரத்தையும் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள் கணக்கிட்டுத் தருவது. ஒட்டு கொஞ்சம் தெரிந்தாலும் இது அமைந்துவிட்டால் இருவர் இருக்கிறார்கள். ஒட்டு துளியும் தெரியாமல் இது அமையாவிட்டால் ஒருவரும் அவருடைய போட்டோவும்தான் இருக்கிறார்கள்.

1921-இல் பஸ்டர் கீட்டன் எடுத்த ‘தி பிளேஹவுஸ்’ குறும்படத்தைச் சான்றுக்கு அழைக்கலாம். மேடையில் வரிசையாக ஒன்பது பேர், ஒன்பதும் கீட்டன். கேமராமேன் எல்ஜின் லெஸ்லி, கேமராவைக் கையால் சுற்றும் காலம் அது. எட்டுத் தடவை பிலிமைப் பின்னால் கொண்டுபோய், ஒன்பது தடவையும் கை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். இன்று பார்க்கிறவரும் முதலில் எண்ணிக்கையில்தான் வியந்துபோவார். என்னைக் கட்டிப்போடுவது எண்ணிக்கை இல்லை, தாளம். இன்னொரு காட்சியில் இரண்டு கீட்டன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுகிறார்கள். இல்லாத ஜோடியோடு ஆடும் ஆள், ஜோடி எப்போது காலெடுப்பார் என்பதை உடம்பால் தெரிந்து வைத்திருக்கிறார். ஒட்டைத் தேட நமக்கு நேரம் கிடைப்பதில்லை. நட்டுவாங்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

தமிழில் இந்த விஷயத்தில் சிவாஜி கணேசனிடமிருந்துதான் நிறையக் கற்றுக்கொள்ள முடியும். 1958-இல் டி. பிரகாஷ் ராவ் இயக்கிய ‘உத்தம புத்திர’னில் பார்த்திபன், விக்ரமன் என்று இரண்டு வேடம், கேமரா ஏ. வின்சென்ட். இருவருக்கும் முகம் ஒன்றுதான். ஆனால் விக்ரமன் நிற்கும்போது அறை முழுவதும் தனக்கே சொந்தம் என்பதுபோல் தோளை அகட்டி நிற்கிறான், பார்த்திபன் தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறான். அதே நடிகர் 1969-இல் ஏ. சி. திருலோகசந்தரின் ‘தெய்வமகன்’ படத்தில் மூன்றாகிறார்: தந்தை சங்கர், முகத்தில் வடுவோடு பிறந்து ஒதுக்கப்பட்ட கண்ணன், செல்லத்தில் வளர்ந்த விஜய். இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட முதல் தென்னிந்தியப் படம் அது. சிவாஜி மிகை நடிகர் என்று சொல்கிறவர்கள் இதில் கண்ணன் தந்தையின் முன் நிற்பதைப் பார்க்க வேண்டும். பெற்ற அப்பன் நிற்கும் அறையில் தனக்கு இடம் இல்லை என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. தன் முகத்தையே பார்த்து ஒதுங்கி நிற்கும் ஆள் அவர், எதிரே கேமரா ஓடும்போது நிஜத்தில் யாரும் இல்லை. நடுவில் அட்டை மறைத்த கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்பவர் இருக்கலாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். இது நடிப்பைப் புகழ்வதாயிற்றே, எடிட்டிங்குக்கும் கேமராவுக்கும் இதில் என்ன பங்கு? ஒரே ஆள் பல வேடம் போடுவது கூத்திலேயே உண்டே? உண்டு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்தில் ஒரே இரவில் ஒரே கலைஞர் வேடம் மாற்றி மாற்றி வருவது சாதாரணம். ஆனால் கூத்தில் ஒருவன் வருவதற்கு இன்னொருவன் திரைக்குப் பின்னால் போயாக வேண்டும். அங்கே வேடங்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவது காலத்தில். ஓவியத்திலும் சிற்பத்திலும் ஒரே ஆள் பலமுறை வருவது உண்டு. திருவாரூர் தியாகராசர் கோயில் முசுகுந்தன் ஓவியங்களில் ஒரே மன்னன் அடுத்தடுத்து வந்துகொண்டே இருப்பான். அதுவும் ஒருவனின் வெவ்வேறு நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தீட்டியதுதான், அந்த முசுகுந்தர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. வெவ்வேறு நேரத்தில் நின்ற ஒரே உடம்பை ஒரே நேரத்தில் நிற்பதாக்கி, ஒன்றின் பார்வை மற்றொன்றின் மேல் விழச் செய்வது சினிமாவால் மட்டுமே ஆகும். நடிகர் வெற்றிடத்தைப் பார்க்கிறார், அந்தப் பார்வைக்கு எதிரே ஒரு கண்ணைக் கொண்டுவந்து வைப்பது கேமராவும் கத்திரியும். கண் விழும் இடம் இரண்டு விரல்கடை மேலே போனால் போதும், அண்ணனைப் பார்க்க வேண்டியவன் அண்ணனின் தலைக்குப் பின்னால் இருக்கும் காலண்டரைப் பார்ப்பான்.

பார்வைக்கு அடுத்த படி தொடுகை. அங்கேதான் பெரும்பாலான படங்கள் நழுவுகின்றன. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவே தூண் என்று ஸ்டுடியோ போட்டோபோல் எத்தனை காட்சிகளைப் பார்த்திருப்போம். கட்டிப்பிடிக்க வேண்டிய இடம் வந்தால் ஒருவருக்கு முதுகு மட்டும் தெரியும், அந்த முதுகு டூப்புடையது. இந்தக் குறையைக் கதையாலேயே தாண்டியது 1949-இல் ஜெமினி எடுத்த ‘அபூர்வ சகோதரர்கள்’. எம். கே. ராதா இரட்டையர். ஒருவனுக்கு அடிபட்டால் மற்றவனுக்கு வலிக்கும். கேமராவால் தாண்ட முடியாத கோட்டை வலி தாண்டிப் போகிறது. தொடுகையைக் காட்ட முடியாத காலத்தில் இதைவிடச் சாமர்த்தியம் வேறென்ன? 1990-இல் சிங்கீதம் சீனிவாச ராவின் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் கமல்ஹாசன் நால்வர். அதன் இறுதியில் பாறை விளிம்பில் ஒரு மரவீடு ஊசலாடும், உள்ளே இருப்பவர்கள் நகர்கிற பக்கம் வீடும் சாயும். சாப்ளின் காட்டிய வழி என்பது உண்மைதான். ஆனால் இரட்டை வேடக் கலைக்கு அந்த வீடு வேறொன்றைக் கொடுக்கிறது. திரையில் தெரியும் உருவங்களுக்கு எடை உண்டு என்று தரை சொல்கிறது. மைக்கேலும் மதனும் காமேஸ்வரனும் ராஜுவும் வெறும் மேக்கப் வித்தியாசங்களாக நின்றுவிடாமல் ஆட்களானதற்கு, கிரேஸி மோகனின் வசனம் அவரவருக்கு அவரவர் வாயைக் கொடுத்தது ஒரு காரணம். உடம்புகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டது இன்னொன்று.

இதையெல்லாம் கோடி ரூபாய்ப் படங்களில் மட்டுமே செய்ய முடியும் என்பதில்லை. கைப்பேசியும் முக்காலியும் இருந்தால் கல்வராயன் மலையில் ஒரு டீக்கடை பெஞ்சே போதும். வெள்ளிமலைப் பக்கம் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் கல் முட்டுக்கொடுத்த நீளப் பலகை. ஒரே இளைஞன் அதில் மூன்று பேராக உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீயைக் கைமாற்றிக் குடிக்க வேண்டும். முக்காலியை நிறுத்தி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் வெள்ளை நிறச் சமநிலையையும் பூட்டிவிடுவது முதல் வேலை. பூட்டாவிட்டால் கைப்பேசி ஒவ்வொரு தடவையும் தன் இஷ்டத்துக்குக் கலரை மாற்றி, ஒரே சட்டையை மூன்று சாயத்தில் காட்டும். மூன்று தடவை எடுத்து, எடிட்டிங் ஆப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாஸ்க் போட்டு வேண்டாத பாகத்தை மறைத்துவிடலாம். அரைமணி வேலை. ஆனால் மலை சும்மா விடாது. முதல் தடவை வெயில், இரண்டாம் தடவை மேகம் நிழலைப் போட்டுக்கொண்டு போகும், மூன்றாம் தடவை மூடுபனி இறங்கி, சட்டகத்தின் ஒரு பாதியில் மட்டும் மரங்கள் கரைந்துபோயிருக்கும். மாஸ்க் கோடு கடுக்காய் மரக் கிளையின் குறுக்கே ஓடினால், காற்றில் கிளை பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக வெட்டி ஆடும். அடிமரத்தின் மேலோ கடைக் காலின் மேலோ கோட்டைப் போட வேண்டும். விழும் அருவியின் மேல் போட்டாலும் பரவாயில்லை, நேர்கோட்டில் விழும் தண்ணீர் எந்தத் தடவையின் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. டீயில் ஆவி பறப்பதையும் மறந்துவிடக் கூடாது. முதல் ஆள் கையில் ஆவி பறந்த கிளாஸ் மூன்றாம் ஆளிடம் போவதற்குள் நிஜத்தில் ஆறியிருக்கும். புதிதாக ஊற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். குறைவது பலகையில். மூன்று பேர் உட்கார்ந்தால் அந்தப் பலகை நடுவில் தொய்ந்திருக்க வேண்டும். ஒருவன்தானே ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தான், ஆகவே அது ஒருவனின் எடைக்கு மட்டும் வளைந்திருக்கிறது. இரண்டாமவன் வந்து உட்காரும்போது முதலாமவன் இம்மியும் அசையவில்லை. ஊர்க்காரர்கள் பெஞ்சில் உட்காருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புதிதாக ஒருவர் வந்தால் ஏற்கெனவே இருப்பவர் கண்ணை எடுக்காமலே, பேச்சை நிறுத்தாமலே, அரைச் சாண் நகர்வார். இந்த அரைச் சாண்தான் மூன்று பேரையும் ஆட்களாக்கும். மாஸ்க் போடத் தெரிந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இந்த நகர்வை யோசித்துச் செய்பவர்கள் குறைவு.

கடைசி ஆட்சேபம் வலுவானது. கணினி வந்த பிறகு இந்தப் பேச்செல்லாம் பழங்கதை இல்லையா? கேமராவின் அசைவைக் கணினி அப்படியே திரும்பச் செய்யும் மோஷன் கன்ட்ரோல் வந்ததும், ‘ஆளவந்தான்’ (2001) போன்ற படங்களில் இரட்டையர் நிற்கும்போதே கேமரா நகர்ந்தது. சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. 2010-இல் ‘எந்திரன்’ உடம்புக்கு டூப், முகத்துக்குக் கணினி என்று ஆக்கி, நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்களை உருட்டித் திரட்டிப் பந்தாகவும் பாம்பாகவும் விட்டது. 2024-இன் ‘கோட்’ படத்தில் விஜய்க்கே வயது குறைந்தது. இன்று ஏ.ஐ.யிடம் ஒரு வரி எழுதினால் ஓர் ஆளைப் பத்தாக்கித் தரும். ஒட்டு என்ற பேச்சே இல்லை. சரிதான். ஆனால் ஒட்டை மறைப்பதுதான் கலை என்று சொல்லிவந்தவர்கள்தான் இதற்குப் பயப்பட வேண்டும். ‘எந்திர’னின் அந்த நூற்றுக்கணக்கான சிட்டிகள் வியப்பைத் தருகின்றன, ஆனால் அவை எண்ணிக்கை மட்டுமே. ஒரு சிட்டிக்கு இன்னொரு சிட்டி இடம் விடத் தேவையே இல்லாதபடிதான் அந்தக் கதை அமைந்திருக்கிறது. அதே படத்தில் வசீகரனும் சிட்டியும் ஒரு மேஜைக்கு இருபுறம் நின்று பேசும்போது, படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவனுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி எவ்வளவு என்ற கேள்வி கிடக்கிறது. செலவு எந்தக் காட்சிக்கு அதிகமானாலும், என் கண் தங்குவது இந்தக் காட்சியில்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1964-இல் ஏ. பி. நாகராஜனின் ‘நவராத்திரி’யில் சிவாஜி ஒன்பது, 2008-இல் ‘தசாவதார’த்தில் கமல் பத்து. இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவது வழக்கம். ‘நவராத்திரி’யின் ஒன்பதும் பெரும்பாலும் ஒன்றை ஒன்று சந்திப்பதில்லை, சாவித்திரியைத்தான் இரவுக்கு ஒருவராகச் சந்திக்கின்றன. அதனால் அங்கே மாஸ்குக்கு அதிக வேலை இல்லை. ஒன்பது பேருக்கும் எதிரே சாவித்திரி இடம் விட்டு நிற்கிறார், படம் நிற்பது அதனால். ‘தசாவதார’த்தில் முகத்துக்கு மேல் முகமாக ஒட்டிய ரப்பரின் உழைப்புக்குத் தலைவணங்கலாம். எனக்கு அதில் பத்துக் கமல்கள் தெரிகிறார்கள், பத்துப் பேர் தெரியவில்லை. ‘மைக்கேல் மதன காமராஜ’னில் நான்கே பேர், நால்வரும் தெரிகிறார்கள்.

வெள்ளிமலைப் பெஞ்சுக்கே வருகிறேன். அந்த வீடியோவை எடுக்க நினைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு நண்பரைக் கூட அழைத்துப் போங்கள், கொஞ்சம் பருமனானவராக இருந்தால் நல்லது. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அடுத்த இடத்தில் அவரை உட்கார வையுங்கள். உங்களை இலேசாக இடிக்கச் சொல்லுங்கள், இடித்ததும் அரைச் சாண் நகருங்கள். எடிட்டிங்கில் அவரை மாஸ்க் போட்டு நீக்கிவிடலாம், வீடியோவில் அவர் தெரியமாட்டார். பலகை வளைவதற்கு அவர் வேண்டும்.